நீலப் புள்ளி

டொக்டருக்கு வேண்டியது ஒரே ஒரு துளி இரத்தம். அது தன்னுடையதாக மட்டும் இருந்துவிடக்கூடாதே என்பதுதான் சாமித்தம்பியின் கவலை.

"உன்ட அக்காட புருசன் கேக்கிறன், மச்சான். இந்தத் துண்டுக் கடுதாசியை ஆஸ்பத்திரியில குடுத்துப்போட்டு விரலை நீட்டு. சாமித்தம்பி எண்டு கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லு."

மனைவியின் தம்பி கோணாமலை, வாவியில் வலை வீசுகிறவன், துண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

"உங்கட விரலுக்கு என்ன வந்தது, அத்தான்?"

"விரலுக்கு ஒண்டுமில்ல. ரத்தத்துக்குத்தான் பயம்."

பயம் நியாயமானதே. சரீப் முதலாளியின் அச்சுக்கூடத்தில் எழுத்தெல்லாம் ஈயம். அந்த ஈயம் எழுத்தை வரியாகக் கோர்ப்பவர்களின் உடம்பில் ஏறுமாம். புதிதாக வந்த டொக்டர் அச்சுக்கூடத்தில் எல்லாருடைய இரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். நீலப் புள்ளி தெரிந்தால் ஈயம் ஏறிவிட்டது என்று அர்த்தம். புள்ளியுள்ளவர்கள் இரத்தம் தெளியும்வரை எழுத்துப் பக்கமே போகக்கூடாது. புள்ளி இல்லாதவரே தலைமைக் கோர்ப்பாளர் என்று முதலாளி அறிவித்துவிட்டார். ஈயத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் இருந்த மனிதரை அது சும்மா விடுமா?

கோர்ப்பவர்கள் இரண்டே பேர். சாமித்தம்பியும் ஹலீமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஹலீம் முழங்கை வரை கறுப்பு. சாமித்தம்பியின் வெள்ளைச் சட்டையிலோ பதினெட்டு வருடத்தில் ஒரு மைப்பொட்டு விழுந்ததில்லை. முன்னறைக்கு வாடிக்கையாளர் வந்தால், முதலாளி சாமித்தம்பியைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்க, தொழில் தெரிஞ்ச கை! ஹலீமும் இரிக்கானே, கரிமூட்டைக்குள்ள விழுந்தவன் மாதிரி!"

இப்படிப்பட்ட கைக்குப் பதிலாகத்தான் கோணாமலை விரல் நீட்டப் போனான். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவனில்லை. இடைக்கிடை வயிறு முறுக்கும். அதற்கு இடுப்பில் மந்திரித்த நூல் கட்டியிருந்தான். நூல் கட்டினால் தீருவதை நோய் என்று யார் சொல்வார்கள்?

நான்கு நாளில் டொக்டரின் கடுதாசி வந்தது. முதலாளி அதை வாசித்துவிட்டுக் கத்தினார்.

"யா அல்லாஹ், சாமித்தம்பி! ஹலீமுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிதான். உங்களுக்கு எண்ணி முடிக்க ஏலாதாம்! நீங்க எப்பிடி நடமாடுறீங்க எண்டு டொக்டரே அதிசயப்படுறாராம். வீட்ட போங்க, போய்ப் படுங்க!"

சாமித்தம்பி படுக்கவில்லை. நேரே கோணாமலையிடம் ஓடினார். அவன் முற்றத்தில் வீச்சுவலையை விரித்துக்கொண்டிருந்தான். ஓரத்துக் கயிற்றில் ஈயக்குண்டைச் சுற்றி, வாயில் வைத்து, கடக்கென்று கடித்து இறுக்கினான்.

"அடப் பாவி! எத்தனை வருசமா இப்பிடிக் கடிக்கிறாய்?"

"பல்லு முளைச்ச நாளில இருந்து, அத்தான். என்ட பல்லுக்குக் குறடு தோத்துப்போகும்!"

சாமித்தம்பி அப்படியே தலையில் கைவைத்துக் குந்திவிட்டார்.

இனி ஒரே வழி, சொந்த இரத்தத்தைக் கொடுப்பது. "உள்ள கிடக்கிறதக் கழுவிப்போட்டுப் போங்க" என்று மனைவி சீதேவிப்பிள்ளை மூன்று நாள் வேப்பங்கசாயம் கொடுத்தாள். அது ஈயத்தைக் கழுவியதோ என்னவோ, சாமித்தம்பியை நன்றாகவே கழுவிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போய், "சாமித்தம்பி வந்திரிக்கன், இன்னொருக்கா பாருங்க" என்றார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"போனமுறை வந்த சாமித்தம்பிக்கு நெஞ்சு கதவளவு இருந்ததே. ஒரு கிழமைக்குள்ள அது எங்க போனது?"

உண்மையைக் கக்க வேண்டியதாயிற்று. டொக்டர் சத்தம் போட்டார். பிறகு சாமித்தம்பியின் விரலைக் குத்தினார். கோணாமலைக்கும் ஆளனுப்பினார். ஈயத்தை வாயில் வைக்கக்கூடாது, இரண்டு மாதத்துக்கு வலைப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு.

அன்று மத்தியானமே கோணாமலை பாயோடு வந்து சேர்ந்தான்.

"ஒரு துளி கேட்டீங்க, தந்தன். இப்ப என்ட தொழிலே போயிற்று, அத்தான். இனி உங்கட வீட்டிலதான் எனக்குச் சோறு. அக்கா, மீன் ஆணமா?"

சாமித்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. தன் இரத்தத்திலும் புள்ளி வந்தால் மூன்று பேரும் என்னத்தைத் தின்பது?

ஆனால் புதிய கடுதாசியில் புள்ளியே இல்லை. ஒன்றுகூட இல்லை! கசாயக் களைப்பும் மறந்து அச்சுக்கூடத்துக்கு ஓடினார். முதலாளி கடுதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு வருசம் ஈயத்தோட மல்லுக்கட்டின மனிசன், ஒரு புள்ளி இல்ல! ஹலீமு, பாத்துப் படி. இதுதான் கைநேர்த்தி!"

மூலையில் குந்தியிருந்த ஹலீம் தன் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டான். முதலாளி எழுத்து அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பை எடுத்துச் சாமித்தம்பியின் வெள்ளைக் கையில் வைக்கப்போனார்.

அச்சுக்கூடத்துத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி சின்னத்தங்கம் தும்புத்தடியை நிறுத்தினாள்.

"தரை கூட்டுற எனக்கே மூணு புள்ளி இரிக்காம், முதலாளி. இவருக்கு ஒண்டுமே இல்லையெண்டா, பதினெட்டு வருசமா எழுத்துக் கோர்த்தது ஆரு?"