நெடுமாடத்து வாய்க்கட்டு

நெடுமாடம் என்றொரு நகரம் இருந்தது. ஏழு மேம்பாலங்கள், நாலு மெட்ரோ தடங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அடுக்குமாடிகள், எல்லாம் அங்கே உண்டு. பேய்களும் உண்டு. மற்ற ஊர்களில் பேய்கள் சுடுகாட்டோடு நின்றுகொள்ளும். நெடுமாடத்தில் சுடுகாட்டின் மேலேயே கட்டிடம் எழும்பிவிட்டதால், பாவம், அவை லிப்டில் ஏறி இறங்கின, பாலத்தடியில் படுத்துக்கொண்டன, போக்கிடம் இல்லாதபோது மனிதர்கள்மேல் இறங்கின.

அந்நகரை ஆண்டவருக்குக் காப்பாளர் என்று பட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வேறு யாரையாவது தேர்ந்தெடுக்கலாம் என்றும் சட்டத்தில் ஒரு மூலையில் எழுதியிருந்தது.

பேயோட்டுவதற்கு வட்டத்துக்கு ஒரு கோடாங்கியை அரசே நியமித்திருந்தது. பதினோராம் வட்டத்துக் கோடாங்கியின் பெயர் சடையாண்டி. ஐம்பது வயது, வெற்றிலைக் காவி ஏறிய பல், அதட்டத் தெரியாத குரல். உடுக்கையை மட்டும் நன்றாக அடிப்பார். பேய் பிடித்தவரை எதிரே உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்பார். யார் நீ? எதற்கு வந்தாய்? உனக்கு என்ன வேண்டும்? மூன்றாவதற்குப் பதில் வந்ததும், கேட்டதை முடிந்த மட்டும் செய்து கொடுப்பார்கள். பேய் போய்விடும். எட்டாம் மாடியிலிருந்து விழுந்து செத்த கொத்தனார் ஒருவன், அந்தக் கட்டிடத்தில் எங்காவது தன் பெயரை எழுதினால் போதும் என்றான். மாடிப்படிக்கு அடியில் கரியால் எழுதினார்கள். கும்பிட்டுவிட்டுப் போனான். இன்னொரு வீட்டில் மருமகள்மேல் இறங்கிய பேய், இவளையும் எல்லாரோடும் உட்காரவைத்துச் சோறு போடுங்கள் என்றது. அது பேய்தானா, மருமகளேதானா என்று சடையாண்டி ஆராயவில்லை. கேட்டது நியாயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வினை வந்தது ஏழாவது மேம்பாலத் திறப்பு விழாவில். காப்பாளர் கத்திரிக்கோலை எடுத்த நேரம், மாலை கொண்டுவந்த காத்தாயி என்ற பூக்காரிமேல் பேய் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சடையாண்டி வழக்கம்போல் உட்கார்ந்து மூன்று கேள்விகளையும் கேட்டார். ஒலிபெருக்கியை யாரும் அணைக்கவில்லை.

"இந்தத் தூணுக்கு அடியில எங்க நாப்பது வீடு கெடக்கு. எங்களுக்கு வீடு வேணும். குடுத்தா போயிடறேன்" என்று காத்தாயியின் வாய் சொன்னது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ஒருவர் தட்டியதைப் பார்த்துப் பலபேர் தட்டினார்கள்.

மறுநாள் தலைமைச் செயலர் திருவம்பலநாதர் கோடாங்கிகளை வரவழைத்தார். பேய்களை ஒழிப்பதில் இந்த அரசுக்குள்ள உறுதியை எவரும் ஐயுற வேண்டாம் என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினார். உனக்கு என்ன வேண்டும் என்று ஓர் அரசு ஊழியர் கேட்பது வாக்குறுதிக்குச் சமம். வாக்குறுதி தரும் அதிகாரம் காப்பாளருக்கே உண்டு, அதுவும் தேர்தல் காலத்தில் மட்டும். ஆகவே மூன்றாம் கேள்வி இன்று முதல் நீக்கப்படுகிறது. மூன்றில் ஒன்று போனால் இரண்டு இருக்கிறதே என்று சடையாண்டி மனதைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அந்தப் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். பின்னால் எத்தனையோ முறை அவரே அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

என்ன வேண்டும் என்று கேட்காவிட்டால் பேய் எப்படிப் போகும்? வந்தவை எல்லாம் அப்படியே தங்கின. ஒரு வீட்டில் ஒன்று இருந்த இடத்தில் மூன்று ஆயின. மூன்று மாதத்தில் நகரமே புலம்பத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் கறுப்பாக வருகிறது என்று பேய்கள் புலம்பின, மனிதர்களும் புலம்பினார்கள். எது யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. செயலர் மறுபடி கூட்டம் போட்டார். இந்த முறை சடையாண்டியைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "கோடாங்கி, உங்க தொழில்ல சத்தத்தை நிறுத்த வழியே இல்லையா?" என்று கேட்டார்.

அத்தனை பெரிய மனிதர் தன்னிடம் யோசனை கேட்டதில் சடையாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயைக் கொடுத்துவிட்டார். வாய்க்கட்டு என்று ஒன்று உண்டு என்றார். ரொம்ப மூர்க்கமான பேய்க்கு மட்டும், சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை தொண்டையில் மஞ்சள் கயிறு கட்டுவது. கட்டியபின் 'சரி' என்பதைத் தவிர வேறு சொல் வராது. கட்டியவரே எதிரே உட்கார்ந்து மூன்றாம் கேள்வியைக் கேட்டால்தான் கட்டு அவிழும். கயிறு அறுந்து விழுந்தாலும் கட்டு அறாது. அன்று பொழுது சாய்வதற்குள் அவிழ்க்காவிட்டால் அப்புறம் எவராலும் அவிழ்க்க முடியாது. அதனால் அவர் அதை ஆயுளில் இரண்டு முறைதான் செய்திருக்கிறார்.

செயலர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவிழ்ப்பதைப் பற்றிச் சொன்னதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே அரசாணை வந்தது. மிச்சமிருந்த இரண்டு கேள்விகளும் ரத்து. பேய் பிடித்தவர் எவர் என்பதற்கு அடையாளங்கள் வெளியிடப்பட்டன. உரத்துப் பேசுதல், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், அலுவலக வாசலை விட்டு நகர மறுத்தல். அத்தகையோருக்கு வட்ட அலுவலகத்தில் வாய்க்கட்டு இலவசமாகக் கட்டப்படும். கயிறு மில்லிலிருந்து பண்டல் பண்டலாக வந்து இறங்கியது. கட்டுவதற்கு எழுத்தர்கள். கோடாங்கி பக்கத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தினால் போதும். எழுத்தர்கள் ஷூ நாடா முடிவதுபோல் முடிந்தார்கள், மந்திரமும் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சரி, சரி என்றுதான் வெளியே போனார்கள். அரசு முத்திரைக்கும் ஏதோ சக்தி இருக்கிறது போலும் என்று சடையாண்டியே நம்பிவிட்டார்.

சடையாண்டியின் மனைவி பூமயில் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வீட்டு இசக்கியம்மாளின் குழந்தைக்குக் கறுப்புத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பூமயில் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள். நாளைக்கு வா என்றார்கள். போனாள். பதினாறு நாள் அப்படிப் போனாள். பதினேழாம் நாள், இதை நீங்கள் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுங்கள், நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று பொறியாளர் மேசையில் பாட்டிலை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மாலைக்குள் அவள் பெயர் வாய்க்கட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது.

பட்டியலைச் சடையாண்டி பார்த்தார். வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"இல்ல பூமயிலு. ஆனா நான் கட்டலேன்னா வேற எவனாவது கட்டுவான். அவன் வந்து அவுக்கணும்னு காத்துக் கெடக்கணும். நானே கட்டிட்டா, மத்தியானம் வீட்டுக்கு வந்து அவுத்துடலாம்."

"மறந்துடாதீங்க. அந்தப் புள்ளைக்கு என்னைத் தவிரக் கேக்க ஆள் இல்ல" என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் காலை வட்ட அலுவலகத்தில் எழுத்தரை விலக்கிவிட்டுச் சடையாண்டியே எழுந்து வந்தார். தொழிலில் ஏனோதானோ என்று செய்து அவருக்குப் பழக்கமில்லை. என்ன பாவம் பாருங்கள், பெண்டாட்டிக்கு என்றபோதும் அந்த நேர்த்தி போகவில்லை. கயிற்றில் மூன்று முறை ஊதி, மூன்று முறை பல்லால் இழுத்து, முறைப்படி முடிச்சுப் போட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். சரி என்றாள் பூமயில்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் அவரும் கிளம்பினார். வாசலில் வேன் நின்றது. கோடாங்கிகள் அனைவருக்கும் காப்பாளர் மாளிகையில் பாராட்டு விழா, இப்போதே ஏறவேண்டும் என்றார்கள். வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்ல நினைத்தார். நினைத்ததோடு சரி, ஏறி உட்கார்ந்துவிட்டார். விழா மாலை நாலு மணிக்குத்தான் தொடங்கியது. காப்பாளர் ஒவ்வொரு கோடாங்கியின் கழுத்திலும் மாலை போடுவதுபோல் ஒரு பொன்னிறக் கயிற்றைப் போட்டு, பின்கழுத்தில் முடிந்துவிட்டார்.

"நாட்டின் வாயைக் கட்டியவர்கள் தம் வாயைத் திறந்து வைத்திருப்பது முறையாகுமா?" என்றார் செயலர் ஒலிபெருக்கியில். "இன்று முதல் கோடாங்கித் துறையும் கட்டுண்டது. ஏற்கிறீர்களா?"

சரி என்றார்கள் எல்லாக் கோடாங்கிகளும். சடையாண்டியும் சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி வேறு சொல் வராதே, மூன்றாம் கேள்வியை எப்படிக் கேட்பது?

அவர் வீடு வந்தபோது ஏழாவது மேம்பாலத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. பூமயில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கணவனைக் கண்டதும் முகவாயை உயர்த்தி முடிச்சைக் காட்டினாள். சடையாண்டி எதிரே உட்கார்ந்து தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி முகவாயை உயர்த்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. வெயில் பாலத்துக்குக் கீழே இறங்கிப்போனது.

பிறகு மூன்றாவது ஆணை வந்தது. பேய் யாரைப் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாதாகையால், முன்னெச்சரிக்கையாக எல்லாருக்கும் கயிறு. பத்து நாளில் நகரம் முழுவதும் கட்டுண்டது. அப்புறம் நடந்ததைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. கடைத்தெரு தீப்பிடித்தபோது தீயணைப்பு நிலையத்துக்குப் போன தொலைபேசியில் சரி என்ற குரல்தான் கேட்டது. அங்கிருந்தும் சரி என்று பதில் வந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்க மருத்துவருக்கு வாய் இல்லை, சொல்ல நோயாளிக்கு வாய் இல்லை. படுக்கை காலி இல்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். இசக்கியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, சரி என்று சொல்லித் திரும்பி வந்தாள். மூன்றாம் நாள் குழந்தை இறந்துபோனது. பூமயில் மாடி ஏறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒப்பாரி வைக்க இருவருக்கும் சொல் இல்லை. அதற்கப்புறம் பூமயில் அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

நகரத்தில் பேய்த் தொல்லை அறவே ஒழிந்தது என்று அறிக்கை வெளியானது. அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து அமைச்சர்கள் வந்து கயிற்றின் மாதிரியை வாங்கிப் போனார்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்துத் தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டு வீண்செலவு என்று மக்களைப் பெரிய மைதானத்தில் கூட்டினார்கள். நல்ல உச்சிவெயில். சடையாண்டியும் பூமயிலும் வேலியோரம் நின்றார்கள். காப்பாளர் மேடையேறி, "நானே தொடரலாமா?" என்று கேட்டார். சரி என்றது மைதானம். சடையாண்டியும் சொன்னார். அப்போது, வியர்வையில் இற்றுப்போயிருந்த பொன்னிறக் கயிறு அவர் கழுத்திலிருந்து நழுவிக் கையில் விழுந்தது. முடிச்சை உற்றுப் பார்த்தார். மளிகைப் பொட்டலத்தில் போடும் முடிச்சு. ஊதவில்லை, இழுக்கவில்லை, ஒன்றுமே செய்யவில்லை.

மூன்று முறை கேட்பது மரபு என்பதால் காப்பாளர் இரண்டாம் முறையும் கேட்டார். சடையாண்டி மெல்ல, யாருக்கும் கேட்காதபடி, "வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். வந்தது. அவர் குரல்தான். கயிறு விழுந்ததால் வந்த குரல் இல்லை. உண்மையான கட்டு, கயிறு விழுந்தாலும் போகாது. அப்படியானால் இந்தக் குரல் இத்தனை நாளும் தொண்டையிலேயே இருந்திருக்கிறது. அந்தச் சாயங்காலமும் இருந்திருக்கிறது. சடையாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற தபால்காரரின் தோளைத் தொட்டு, "அண்ணே, இது வெறும் கயிறு. யாருக்கும் கட்டே இல்ல. பேசலாம்ணே" என்றார்.

தபால்காரர் அவரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், காவலர்களைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "சரி" என்றார்.

சடையாண்டி மனைவி பக்கம் திரும்பினார். சுற்றிலும் ஆயிரம் ஆயிரம் வாய்கள் மூன்றாம் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. அவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். அவர் அந்த வெயிலில், மண்ணில், அவள் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவளும் மெல்ல உட்கார்ந்தாள்.

"பூமயிலு, உனக்கு என்னம்மா வேணும்?"

அவள் கண் விரிந்தது. சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது, தொண்டை ஏறி ஏறி இறங்கியது. இரண்டு கைகளாலும் கணவனின் கையைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சரி" என்றுதான் வந்தது.

அத்தனை பெரிய மைதானத்தில் அதைத் தவிர வேறு சொல்லவே முடியாதவள் அவள் ஒருத்திதான்.