பதினொரு கறுப்புத் துணுக்குகள்

தும்மல் வந்தபோது சிபகாகியின் இடுக்கி நுனியில் பதினான்கு மாத உழைப்பு இருந்தது. தும்மி முடித்தபோது இடுக்கி மட்டும் இருந்தது.

மார்ச் மாதம். ஊர் பூராவும் தேவதாரு மகரந்தம், மூக்கில் ஏறினால் தும்மல்தான். முகக்கவசம் போட்டால் நுண்ணோக்கியில் ஆவி படிகிறதே என்று அப்போதுதான் கழற்றி வைத்திருந்தான்.

போனது ஒரு கறுப்புப் படிகம். கடுகில் பாதி. காந்தப் பொருள் எதையும் குளிரவைத்தால், உள்ளே இருக்கும் குட்டிக் காந்தங்கள் கடைசியில் வரிசைகட்டி உறைந்துவிடும். இது உறையாது, எந்தக் குளிரிலும் திரவம் மாதிரி அலைந்துகொண்டே இருக்கும் என்று சிபகாகியின் ஆய்வுக்கூடத்தில் நம்பினார்கள். குவாண்டம் சுழல் திரவம் என்று பெயர். நிஜமா என்று தெரிய, அதைக் கடுங்குளிரில் வைத்து ராட்சதக் காந்தப்புலத்தால் அடித்துப் பார்க்க வேண்டும். காந்தம் இவர்கள் கைக்கு வருவது இன்று வியாழனும் நாளை வெள்ளியும்தான். படிகத்தை உலையில் வளர்த்தவர் நகோயாவிலிருக்கும் உனெமோதோ அம்மாள். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. வளர்த்ததில் தேறியது ஒன்றே ஒன்று.

ஆய்வு மாணவன் சிபகாகி, துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கியவரின் மகன். விரல்களும் பெட்டி தூக்கும் விரல்கள்தான். தரையில் மண்டிபோட்டு, தூசி எடுக்கும் ஒட்டுத்தாள் உருளையை மூலைமூலையாக உருட்டினான். தாளில் பதினொரு கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

அலுவலகத்துக் குரோய்வா அம்மாள் தலையை நீட்டினாள். கையில் ஒரு தகர டப்பா.

"தம்பி, உனெமோதோ அம்மா படிகத்தோட அனுப்பின எள்ளு பிஸ்கட்டு. நேத்து உன் மேசையில உக்காந்துதானே பாதியத் தின்னோம். மிச்சம் நாலு இருக்கு, வேணுமா?"

கறுப்பு எள். சிபகாகி தாளில் ஒட்டியிருந்த துணுக்குகளைக் குனிந்து பார்த்தான்.

"வேணாங்க."

"கூட வந்த கடுதாசியப் படிச்சியா?"

"படிச்சேன். பிளம் பூ பூத்துடுச்சாம். பனி உருகிடுச்சாம்."

"அது மொதப் பக்கம்."

"அதுக்கு மேல எதுக்குங்க? இங்கயும்தான் பூத்திருக்கு."

அவள் போனதும் ஒரு காந்தத்தை எடுத்துவந்து தாளுக்கு மேல் காட்டினான். ஐந்து துணுக்குகள் பாய்ந்து ஒட்டிக்கொண்டன. பட்டறை இரும்புத்தூள், செருப்போடு வந்தது. மிச்சம் ஆறு. பிசின் போகட்டும் என்று அசிட்டோனில் அலசினான். அதில் இரண்டு, அலசிய அசிட்டோனோடு தொட்டிக்குள் போய்விட்டன. படிகம் அந்த இரண்டில் ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

"சிபகாகி, காந்தம் தயார். எங்கய்யா நீ?" பேராசிரியர் உகாயின் குரல்.

இருந்த நாலில் கொஞ்சம் மினுமினுத்த ஒன்றை எடுத்து, காந்தத்துக்குள் போகும் அளவைக் கம்பியில் ஒட்டினான். கோணலாக ஒட்டியது.

காந்தப்புலம் பாய்ந்தது. டம் என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. திரையில் கோடு வந்தது. மேடில்லை, மடிப்பில்லை. நூல் பிடித்த மாதிரி. உறைந்திருந்தால் எங்காவது மடங்கியிருக்கும்.

"இன்னொரு தடவை அடி," என்றார் உகாய். அடித்தார்கள். அதே கோடு.

"உறையலை. எந்தப் புலத்துலயும் உறையலை. பத்து வருஷமா இதைத்தான்யா தேடறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிக்னல் ரொம்பச் சின்னதா இருக்கே, சென்செய்," என்று ஆசிரியரிடம் சொன்னான் சிபகாகி.

"மாதிரியே சின்னதுதானே."

"இல்லவே இல்லாத மாதிரி இருக்கு."

"அடக்கமான பொருள்." உகாய் தொலைபேசியைக் கையில் எடுத்தார். "உனெமோதோ அம்மாகிட்ட முதல்ல சொல்லணும். ஓய்வு பெறுற நேரத்துல கேட்டா அந்தம்மா அழுதுடும்."

சிபகாகி இடுப்பு மடங்கக் குனிந்தான். தரையைப் பார்த்தபடி சொன்னான். "சென்செய், அது படிகம் இல்லாம இருக்கலாம். எள்ளா இருக்கலாம்."

"எள்ளா?"

"எள்ளு. இல்லைன்னா செருப்புத் தூசி. தும்மிட்டேன். படிகம் போயிடுச்சு."

உகாய் தொலைபேசியைக் கீழே வைத்தார். திரையில் இருந்த நேர்கோட்டைப் பார்த்தார்.

"நல்ல கோடு," என்றார். பிறகு, "நிமிரு. அந்தம்மாகிட்ட நானே பேசறேன். தும்மினது நான்னு சொல்லிடறேன். எனக்கு வயசாயிடுச்சு, விட்டுடுவாங்க."

"வேணாம், சென்செய். நானே நகோயா போய்ச் சொல்றேன்."

"போய் என்ன சொல்லுவ? பதினாலு மாசத்தை எந்தக் கணக்குல திருப்பித் தருவ?"

கதவருகே குரோய்வா அம்மாள் நின்றிருந்தாள். ஒரு கையில் பேனா, ஒரு கையில் மூன்று பக்கக் கடிதம்.

"நகோயா போறது இருக்கட்டும். நன்றிக் கடுதாசி எழுதணுமேன்னு இதை முழுசாப் படிச்சேன். பூவும் பனியுமா ரெண்டு பக்கம். மூணாவது பக்கத்துல கடைசி வரி மட்டும் வேற மாதிரி இருக்கு, கேளுங்க: 'சிபகாகி மார்ச்சில் தும்முவார் என்பதால், ஒட்டிப் பழக ஒரு பென்சில் முனை அனுப்பியிருக்கிறேன், படிகத்தை வெள்ளிக்கிழமை நானே கையில் கொண்டுவருகிறேன்.'"