சாய்வு நாற்காலிகள் ஒழுங்குக் குழு

நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. நாகரிகம் துண்டில் தொடங்கியது. தான் இல்லாத இடத்தில் தான் இருப்பதாகப் பிறரை நம்பவைக்க, மனிதன் என்றைக்கு ஒரு துண்டை விரித்துவிட்டு நடையைக் கட்டினானோ, அன்றைக்குத்தான் அவன் விலங்கிலிருந்து பிரிந்தான். எந்த மாட்டுக்கும் இந்த யோசனை இன்றுவரை தோன்றியதில்லை. இந்தப் பேருண்மை எனக்கு விளங்கியது, நானும் என் மனைவியும் போன நீண்ட கப்பல் பயணத்தில்.

நான் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். பணியில் இருந்த காலமெல்லாம் என் நாற்காலியின் முதுகில் ஒரு கோட்டு தொங்கும். நான் டீ குடிக்கப் போனாலும், முடிவெட்டப் போனாலும், அந்தக் கோட்டு கடமை தவறாமல் அமர்ந்திருக்கும். 'சார் இப்பத்தான் எழுந்து போனார்' என்று வந்தவர்கள் மரியாதையோடு திரும்பிப் போவார்கள். என் பிரிவு உபசார விழாவில் சிலர் கோட்டைப் பார்த்துத்தான் கண் கலங்கினார்கள்.

வீட்டில் கோட்டுக்குப் பதிலாக 'இதோ வரேன்' என்ற சொல் இருந்தது. என் மனைவி நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். ரிட்டயர் ஆன பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டு தன் பக்கத்தில் நான் சும்மா உட்கார வேண்டும். வேறு எதுவும் பேசக்கூட வேண்டாமாம். இவ்வளவு எளிய கோரிக்கையை நிறைவேற்றாமல் விடுவேனா? கப்பலுக்கே டிக்கெட் வாங்கிவிட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த அறையில் சன்னல் இல்லை. ஆனால் சன்னல் திரை உண்டு. முதல் நாள் காலையில் என் மனைவி ஆசையோடு திரையை விலக்கினாள். பின்னால் சுவர் இருந்தது. சன்னல் இல்லாத குறை தெரியக் கூடாது என்று திரை போட்டிருக்கிறார்களே, என்ன நாசூக்கு என்று வியந்தேன். தவிர, அறை டிவியில் ஒரு சேனல் முழுக்கக் கடலையே காட்டிக்கொண்டிருந்தது. படுத்தபடியே பார்க்கலாம், காற்று வீசாது, பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். இத்தனை வசதி நிஜக் கடலில் ஏது? அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மேல் தளத்தில் இரண்டு நாற்காலி பிடிக்கச் சொன்னாள்.

கரையே தென்படாத நாட்களில் கப்பலில் மனிதன் சும்மா இருப்பான் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். காலைச் சிற்றுண்டி, அந்தக் களைப்புத் தீர முற்பகல் சிற்றுண்டி, பொது அறிவுப் போட்டி, நாப்கின் மடிக்கும் வகுப்பு, முழங்கால் தேய்ந்தவர்களுக்கான நடனப் பயிற்சி. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கடலின் ஆழத்தை அறிவிப்பார். ஏதோ நாங்களே இறங்கி அளந்துவிட்டு வந்ததுபோல் எல்லோரும் தலையாட்டுவோம். மாலையில் அறைக்குத் திரும்பினால் குளியல் துண்டை யானையாக மடித்துக் கட்டிலில் உட்காரவைத்திருப்பார்கள். அதைக் கலைக்க மனம் வராமல் நாங்கள் ஓரத்தில் ஒண்டிப் படுப்போம்.

மேல் தளத்தில் சாய்வு நாற்காலிகள் குறைவு, பயணிகள் அதிகம். எனவே விடிவதற்கு முன்பே தூங்கும் உடையோடு எல்லோரும் மேலே போய், ஆளுக்கொரு நாற்காலியில் துண்டை விரித்துவிட்டு, திரும்பி வந்து தூங்குவார்கள். நானும் விரித்தேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. காற்றில் பறக்காமலிருக்க என் துண்டுக்கு இரண்டு கிளிப். அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் என் துண்டு, கடலைப் பார்த்தபடி சும்மா இருந்தது.

நானும் போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் நாடு, மன்னிக்கவும், கப்பல் என்னை அழைத்தது. அடுத்த அறைக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய மனைவி பல் டாக்டர். யாரோ ஒருவரின் துண்டினால் தலைமையாசிரியர் நாற்காலி இல்லாமல் நிற்க நேர்ந்ததாம். அதை அவர் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் 'சாய்வு நாற்காலிகள் ஒழுங்குக் குழு' பிறந்துவிட்டது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருவர் சந்தித்தால் ஒரு குழு பிறக்கும். மூவர் சந்தித்தால் துணைக் குழுவும் பிறக்கும். இது இயற்கை. நான் தலைவர், அவர் செயலாளர், பின்னால் வந்து சேர்ந்த ஓய்வுபெற்றவர்கள் உறுப்பினர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை என்பதே எங்கள் தன்னலமற்ற தன்மைக்குச் சான்று.

சீட்டாடும் அறையில் தினமும் கூட்டம். அந்த அறைக்கும் சன்னல் இல்லாததால் கவனம் சிதறவில்லை. முதல் பொருள்: 'ஆள்' என்றால் என்ன? நாற்காலியில் செருப்பு இருந்தால் ஆள் இருப்பதாகக் கொள்ளலாமா? ஒற்றைச் செருப்பு என்றால் பாதி ஆளா? கவிழ்த்து வைத்த புத்தகம் ஆளுக்குச் சமம் என்று செயலாளர் வாதாடினார். முதல் பக்கத்திலேயே கவிழ்த்திருந்தால் அது ஆளாகாது என்று நான் தீர்ப்பளித்தேன். இதிலேயே பல நாள் சென்றது.

ஒரு நாள் விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்து, மூச்சிரைக்க நின்றாள்.

"என்னங்க, டால்பின் கூட்டம் கூட்டமா வருது. ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்."

"மூணாவது பொருள் போயிட்டிருக்கு. முடிச்சுட்டு இதோ வரேன்."

"அது வரைக்கும் டால்பின் நிக்குமா?"

"முன்கூட்டியே சொல்லியிருந்தா இடைவேளை விட்டிருக்கலாமேம்மா" என்றார் செயலாளர், உண்மையான வருத்தத்தோடு.

அந்த நேரம் பார்த்துக் கேப்டனும் ஒலிபெருக்கியில் டால்பின் டால்பின் என்று அறிவிக்கத் தொடங்கினார். கூட்ட நேரத்தில் இப்படிக் குறுக்கிட்டதற்கு அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். நிமிர்ந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

எங்கள் உழைப்பு வீண்போகவில்லை. கடைசியில் ஒரு விதி உருவானது. 'அரை மணி நேரத்துக்கு மேல் ஆள் வராத நாற்காலியிலிருந்து துண்டை அப்புறப்படுத்தலாம். உண்மையிலேயே உட்கார விரும்புகிறவர் அதில் அமரலாம்.' நான்தான் எழுதினேன். 'உண்மையிலேயே' என்ற சொல்லை எல்லோரும் பாராட்டினார்கள். மேல் தளத்தில் ஒட்டச் செய்தோம்.

விதி அமலுக்கு வந்தது கடைசிக் கடல் நாளில். அன்று காலை என் மனைவி தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் கரை வந்துடும். இன்னிக்காவது வந்து உட்காருவீங்களா?"

"இன்னிக்கு நிறைவுக் கூட்டம். தலைவர் இல்லாம எப்படி நடத்துவாங்க? முடிஞ்சதும் நேரா வந்துடறேன். துண்டெல்லாம் போட்டாச்சு."

அவள் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்; குழு நடைமுறையும் அதுதான்.

நிறைவுக் கூட்டம் மிகவும் நிறைவாக, அதாவது நெடுநேரம் நடந்தது. செயலாளர் என்னைப் பாராட்டினார். நான் செயலாளரைப் பாராட்டினேன். நன்றியுரையில், பெரிய அலை எழுப்பாமல் ஒத்துழைத்த கடலுக்கும் நன்றி சொல்லப்பட்டது. பிறகு, விதி எப்படிச் செயல்படுகிறது என்று பார்வையிட மேல் தளத்துக்கு ஊர்வலமாகப் போனோம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் நான் கடலை வெளிச்சத்தில் நேரில் பார்த்தது அப்போதுதான். சேனலில் வந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

விதி அற்புதமாகச் செயல்பட்டிருந்தது. குழு உறுப்பினர்கள் அனைவருடைய துண்டுகளும் அழகாக மடிக்கப்பட்டு ஓரத்தில் அடுக்கியிருந்தன. மேலே, இரண்டு கிளிப்போடு, என்னுடையது. என் நாற்காலியில் செயலாளரின் மனைவி பல் டாக்டர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். அவர் ஏதோ சொல்ல, என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததாக நினைவே இல்லை. ஆனாலும் தலைவர் தலைவர்தானே, தொண்டையைச் செருமினேன்.

"அது என் இடம்."

பல் டாக்டர் எழப் போனார். என் மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உங்க துண்டு அங்க இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான்தான் வந்துட்டேனே."

"ஆள் வரலைன்னா எடுத்துடலாம்னு விதி ஒட்டியிருக்கே. நீங்க எழுதினதுதானே?"

எழுதியது நான்தான். இருந்தாலும் விதி என்றால் அதற்கு ஒரு கால அளவு இருக்கிறது. அதை நினைவுபடுத்துவது என் கடமை.

"எடுத்தது சரி. ஆனா அரை மணி நேரம் முழுசா ஆச்சான்னு பார்த்தியா?"

அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்த்துட்டுத்தாங்க எடுத்தேன்."