தான்றி மரத்துக்கு எண் வந்த கதை

ஒரு காட்டில் மரங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்து தொலைத்தன. அத்தி, நாவல், மருது, தான்றி, அடியில் இண்டு, சூரை என்று முள்புதர்கள். நெட்டை மரம் உச்சி வெயிலைக் குடிக்கும். நடுமரம் மிச்சத்தைக் குடிக்கும். புதர் சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ளும். வேரும் ஆளுக்கொரு ஆழம், அடிதடி கிடையாது. அதனால் காடு மதமதவென்று வளர்ந்தது. யாரையும் கேட்காமல் இப்படி வளர்ந்தால் அரசாங்கத்துக்குப் பொறுக்குமா?

சிங்க ராஜா, நரி ஏகாம்பரத்தை உற்பத்தி அதிகாரியாக அனுப்பினார். அவர் கையில் ஒரு டேப்லெட். அதில் மரத்தின் பெயருக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்.

"ஏக்கருக்கு நாற்பது பெயர், நாற்பது உயரம்! எதைய்யா போடுறது?" என்று எரிந்து விழுந்தார் நரி. 'இதர' என்று போட்டார். இதரவுக்கு உற்பத்தி பூஜ்யம். ஒவ்வொரு மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதினார். எண் விழுந்த மரத்தையெல்லாம் கும்கி யானை மாசாணம் சாய்த்தது. அந்த இடத்தில் தைல மரங்கள் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நின்றன.

ஒரு கிழட்டுத் தான்றி மட்டும் தப்பியது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

அந்தத் தான்றிப் பொந்தில்தான் இருவாச்சி சடையாண்டி குடித்தனம். இருவாச்சி வழக்கம் அப்படி: முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்பூசி அடைத்துக்கொள்ளும், பறக்கும் இறகையும் உதிர்த்துவிடும். சின்னக் கீற்று வழியாக ஆண்தான் ஊட்ட வேண்டும். மனைவி பவளத்துக்காகச் சடையாண்டி வருஷா வருஷம் மூன்று மலை தாண்டிப் பழம் சுமந்தான். கீழே விழுந்த விதையெல்லாம் முளைத்தது. தான்றியைச் சுற்றி அரை ஏக்கருக்குப் பழையபடி கலந்து கட்டி ஒரு காடு எழுந்தது.

நாலாம் வருஷம் ஒரே பூச்சி, ஒரே வாரத்தில் தைல மரம் அத்தனையையும் காலி பண்ணியது. அந்த அரை ஏக்கர் மட்டும் பச்சை. சடையாண்டி கம்மென்று இருந்திருக்கலாம். பெருமை இருக்க விட்டால்தானே!

"இம்புட்டு விளைஞ்சிருக்கு, நம்ம மரத்துக்கு ஒரு பேரு வேண்டாமா?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாங்க, குஞ்சு இப்பத்தான் பொரிச்சிருக்கு" என்றாள் உள்ளேயிருந்து பவளம்.

"பொந்துக்குள்ள கெடக்குறவளுக்கு உலகம் என்ன தெரியும்?"

நரியின் ஆபீசுக்குப் போனான். மூன்று நாள் வரிசையில் நின்றான். மரத்தின் பெயர், உயரம், விளைச்சல் எல்லாம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டான்.

நரி நேரில் வந்து பார்த்து உருகிப்போனார். மாலை போட்டார், போட்டோ பிடித்தார், தன் கையாலேயே தான்றியில் பளபளவென்று 'ஒன்று' என எழுதினார். சடையாண்டி பூரித்துப் போனான். பின்னால் மாசாணம் வருவதை அப்புறம்தான் பார்த்தான்.

"யானை எதுக்குங்க ஐயா?"

"எண் விழுந்துடுச்சே! கண்டபடி கிடந்தே இவ்வளவு விளையுதுன்னா, வெட்டிட்டு ஒழுங்கா நட்டா எவ்வளவு விளையும்!"

"ஐயோ, உள்ள என் பொஞ்சாதி இருக்கா! அவளுக்கு இறகு இல்ல, குஞ்சு கண்ணு தெறக்கல!"

நரி டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "உள்ளே இருக்கிறவங்களுக்குக் கட்டம் இல்லையேப்பா. ஆட்சேபணை மனு இருக்கு. ஆனா குடும்பத்தோட நேர்ல வந்துதான் கொடுக்கணும்."

யானை மரத்தில் நெற்றியை வைத்து அழுத்தியது.

"என்னங்க, வீடு ஆடுது?" என்று கீற்று வழியாகக் கேட்டாள் பவளம்.

"நமக்குப் பாராட்டு விழா புள்ள" என்றான் சடையாண்டி.

நீதி: நன்றாக வளர்கிறவன் நாலு பேருக்குத் தெரியாமல் வளர வேண்டும்; மாலை வருகிற வழியில்தான் யானையும் வரும்.