பச்சைப் பூநாரை

இப்போதெல்லாம் மனுஷன் சொன்னால் எவனும் நம்புவதில்லை. டிவி சொன்னால் நம்புகிறான். நாற்பது வருடம் ஏரியில் வலை கட்டியவன் வாயைத் திறந்தால், ஆதாரம் எங்கே என்று கேட்கிறான். அதனால்தான் நீலமேகம், பக்கத்து வீட்டு முனியனையும் ஊர்த் தலைவர் ராஜேந்திரனையும் கூப்பிட்டுத் தன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்.

பழவேற்காடு ஏரியில் இறால் விழுகிற இடத்தில் ஆளாளுக்கு வலை கட்ட முடியாது. சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத்தான் போக வேண்டும். போன மாதம் நீலமேகத்தின் முறை வந்த நாளில் அவர் மீஞ்சூரில் மகள் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தார். முறை வீணாய்ப் போனதே என்ற எரிச்சலோடு ஊர் திரும்பினார். அதே நாளில் பறவை பார்க்க வந்த எவனோ எடுத்து நெட்டில் போட்ட வீடியோவை மருமகன் இளவழகன் காட்டினான். பூநாரைகளுக்குப் பின்னால், அவருடைய இடத்தில், ஒரு வலை. கழியில், யார் வலை என்று காட்டும் ஒரு கொடி. செல்போனில் அது எறும்பளவுதான் தெரிந்தது.

நீலமேகத்தின் கொடி சிவப்பு. முனியனுடையது காவி. எறும்பு காவி என்று நீலமேகம் முடிவு கட்டிவிட்டார். முனியனின் அடுத்த முறையைத் தனக்குத் தர வேண்டும் என்று தலைவரிடம் போய் நின்றார். நான் சொல்வது தப்பென்றால் என் முறை அவனுக்கு என்றும் சொல்லிவிட்டார். மழை விட்டு இறால் கொட்டுகிற நேரம். ஒரு முறை போனால் ஒரு மாதச் சோறு போன மாதிரி.

டிவியில் வீடியோ ஓடியது. ஏரி, வானம், பறவை எல்லாம் பழைய வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தன. கொடியும் வெளுத்துக் கிடந்தது.

"இன்னா மாப்ள இது, சாம்பல் பூசின மாதிரி?"

இளவழகன் காட்டுப்பள்ளியில் எலக்ட்ரீஷியன். டிவியோடு மாட்டின நெட் ஸ்டிக், எச்டிஆர் என்கிற கூடுதல் நிறப் படம் அனுப்புகிறது, டிவிக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை, ஒரு செட்டிங்தான் மாமா என்றான். ரிமோட்டில் எங்கெங்கோ போய் எதையோ அமுக்கினான். டிவி இருண்டது. இரண்டு விநாடி படம், நாலு விநாடி இருட்டு என்று கண்ணடிக்க ஆரம்பித்தது.

"முன்னாடியாவது வெளுப்பாத் தெரிஞ்சுது," என்றார் நீலமேகம்.

அவர் மனைவி மனோரமா டீ கொண்டுவந்தாள். போனது போகட்டும், இதற்குப் போய் ஊரைக் கூட்டுவார்களா, விட்டுத் தொலையுங்கள் என்றாள். திருட்டுக்கு வக்காலத்து வாங்காதே என்று நீலமேகம் அவளை உள்ளே விரட்டினார். முனியன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். குற்றம் சாட்டப்பட்டவன் இவ்வளவு நிதானமாய் இருந்தது நீலமேகத்தின் சந்தேகத்தை இன்னும் ஏற்றியது.

இளவழகன் ஸ்டிக்கிலிருந்து டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினான். கண்ணடிப்பது நின்றது. ஆனால் ஏரி ஊதா நிறமாகிவிட்டது. பூநாரைகள் பச்சைப் பசேலென்று நின்றன.

"மச்சான், இது கிளி," என்றான் முனியன்.

தலைவர் சிரித்துவிட்டார். நீலமேகத்துக்கு மானம் போயிற்று. பேசாமல் வெளுத்த படத்துக்கே போய்விடலாம், மங்கலாய்த் தெரிவதை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று தலைவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தெளிவாய்த் தெரிந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். வயர்தான் பழசு, அது இவ்வளவு படத்தைச் சுமக்காது என்று இளவழகன் சொல்ல, அவரே நாலு வீடு ஏறி இறங்கிப் புது வயர் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். இளவழகன் அதை மாட்டினான். டிவியின் பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கிவைத்துத் திரும்பச் செருகினான்.

படம் வந்தது. பூநாரை ரோஸ். வானம் நீலம். நீலமேகம் டிவிக்குக் கிட்டே போய்த் தண்ணீரை மட்டும் பார்த்தார். தண்ணீர் நிறத்தைப் பார்த்தே இறால் இருக்கும் இடம் சொல்கிறவர் அவர்.

"இப்பதான் சரி. மேல டீ கலரு, ஓரத்துல பச்ச. நம்ம ஏரியேதான். தலைவரே, இதுல பொய் கெடையாது."

இளவழகன் கொடியைப் பெரிதாக்கினான்.

ரத்தச் சிவப்பு.

தலைவர் கொடியைச் சுட்டிக்காட்டி, "நீலமேகம், இது உன் கொடி," என்றார்.

"கலரு இன்னும் சரியா வரல. அது காவிதான்."

மனோரமா காலி டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"கலரு சரியாத்தான்யா கீது. மொற வீணாப் போவுதேன்னு நான்தான் முனியண்ணன தொணைக்கு இட்டுனு போயி கட்டினேன். பொம்பள போயி வலை கட்டுறதான்னு நீ குதிப்பேன்னுதான் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. மீஞ்சூர்லேருந்து வந்தன்னிக்கு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னியே எறா வறுவல், அது எந்த ஏரியில வந்துதுன்னு நெனச்ச?"

நீலமேகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல் தாண்டும்போது திரும்பாமலே சொன்னார்:

"மாப்ள, அந்த வயரு சரியில்ல. கழட்டிக் குடுத்துடு."