அர்த்தனாரியின் மீன் தொட்டி

"ஏனுங்க, எனக்கு அந்தப் பச்சை மருந்துல ஒரு சீசா ஊத்திக் குடுங்க," என்று கண்ணாயி காலிச் சீசாவை நீட்டினாள்.

கம்பவுண்டர் அர்த்தனாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "அது மருந்தில்லீம்மா. மீன் தொட்டி!"

"மீனுங்களா? எங்கீங்க?"

நியாயமான கேள்விதான். ஜன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் நாலு சிவப்பு மீன்கள் இருந்தன. இருந்தன என்பது அர்த்தனாரியின் நம்பிக்கை. கண்ணால் பார்த்துப் பல நாளாயிற்று. தண்ணீர் அப்படியொரு பச்சை.

தொட்டி டாக்டரம்மாவுடையது. பட்டணத்தில் வாங்கி, ரயிலில் கொண்டுவந்து, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக மலைமேல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியது. தங்கை கல்யாணத்துக்கு லீவில் போகும்போது அதை அர்த்தனாரியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த அம்மாள் ஒரு வாக்கும் கொடுத்துப் போயிருந்தார்.

"நான் திரும்பி வர்றப்போ தண்ணி இதே மாதிரி பளிங்கா இருக்கணும், அர்த்தனாரி. ஒரு தொட்டியைச் சுத்தமா வெச்சுக்கத் தெரிஞ்சவர்னா, ராசிபுரத்து மாற்றலுக்கு உங்க பேரை நானே சிபாரிசு பண்றேன்."

ராசிபுரம்! அங்கேதான் அவர் மனைவி சென்னம்மாள் இருந்தாள். "அந்தக் குளுருக்கும் அட்டைக்கடிக்கும் நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா எறங்கி வாங்க," என்று கல்யாணமான புதிதிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டவள். அன்றிலிருந்து தான் வடித்த சோற்றைத் தானே தின்று, யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார் மனிதர். ராசிபுரம் என்ற பேரைக் கேட்டாலே அவருக்கு நெய் மணந்தது. மாற்றல் உத்தரவு கையில் வந்துவிட்ட மாதிரி, மருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிப் பூரித்தும் விட்டார்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் பச்சையாயிற்று.

முதலில் தண்ணீரை மாற்றினார்கள். ஆஸ்பத்திரி ஆள் முத்தன் சுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினான். தொட்டி பளபளத்தது. அடுத்த சந்தை கூடுவதற்குள் மறுபடி பச்சை.

"வெயில் பத்தலீங்க," என்றான் முத்தன். "நல்லா வெயில் பட்டா பாசி கருகிப் போயிருமுங்க."

அதனால்தான் தொட்டி ஜன்னலோரத்துக்கு வந்தது. பாசி கருகவில்லை. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் போலச் செழித்தது. அந்த நேரத்தில்தான் கண்ணாயி சீசாவை நீட்டினாள்.

"இனி முத்தன் பேச்சைக் கேட்டா என்னைச் செருப்பால அடிக்கோணும்," என்று அர்த்தனாரி சொந்த புத்தியில் இறங்கினார். தேத்தாங்கொட்டையை உரசிக் கரைத்தார். கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கும் கொட்டை, பச்சைத் தண்ணீரைக் கலங்க வைத்தது. கிணற்றுக்குப் போடும் பர்மாங்கனேட்டில் ஒரு சிட்டிகை போட்டார். பச்சையும் ஊதாவும் கலந்து தொட்டி கருப்பட்டிக் காப்பியாயிற்று.

"இது இருமலுக்குங்களா?" என்று கேட்ட மாதனுக்கு அன்று மருந்தைவிடத் திட்டுத்தான் அதிகம் கிடைத்தது. அர்த்தனாரியின் கையே அப்படி. திட்டாமல் மருந்து ஊற்ற வராது. ஆனால் காய்ச்சல் என்று ஆள் வந்து நின்றால், கொட்டுகிற மழையிலும் பைல் நாட்டு மலைக்கிராமங்களின் கடைசி வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

காப்பி நிறம் போய்ப் பச்சை திரும்பியபோது, மலை ஓடைகளைப் பார்க்க வந்த மீன் இலாகா ஆபீசர் அண்ணாமலை தலைவலி மாத்திரைக்காக உள்ளே நுழைந்தார். அர்த்தனாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீனி என்ன போடுறீங்க?"

"காலைல ஒரு கை சோறுங்க, மத்தியானம் ஒரு கை..."

"மீன் வளக்கறீங்களா, எருமை வளக்கறீங்களா? தின்னது போக மிச்சம் தண்ணியில அழுகுது. அதோட வெயிலும் சேர்ந்தா பாசிக்குக் கொண்டாட்டம். இருட்டா ஒரு மூலையில வெச்சு, கொஞ்ச நாளைக்குத் தீனியை நிறுத்துங்க. தானாத் தெளியும்."

இருட்டு மூலை, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில்தான் இருந்தது. தொட்டியை அங்கே வைத்தார்கள். அர்த்தனாரி ஒரு பருக்கை போடவில்லை. கதவோரம் நின்று மீன்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

பச்சை இன்னும் கெட்டியாயிற்று. நாற்றமும் சேர்ந்தது. அதைவிட ஆச்சரியம், பட்டினி கிடந்த மீன்கள் ஒருநாள் மேலே வந்து வாயைத் திறந்தபோது ஒவ்வொன்றும் கத்தரிக்காய் கனத்துக்கு இருந்தது.

"முத்தா! தீனி போட்டியா?"

"என் மேல சத்தியமா நான் போடலீங்க."

நல்லதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் அள்ளியது. பைல் நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். என்ன வியாதி என்று கேட்டால், "சும்மா ஐயாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க," என்றார்கள். தன் மருந்து மிக்சரின் கைராசி மலை முழுக்கப் பரவிவிட்டது என்று அர்த்தனாரி நினைத்துக்கொண்டார். மீசையைக்கூட ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து சேர்ந்தார். கூடத்தில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அர்த்தனாரி, இதென்ன?"

"தண்ணிங்கம்மா."

"தண்ணியா? இதுல நாத்தே நடலாம் போலிருக்கே!"

"எல்லாம் செஞ்சு பாத்தேனுங்கம்மா. தீனியக்கூட நிறுத்திட்டேன்..."

"பேசாதீங்க. இந்த லட்சணத்துல உங்களை நான் எப்படிச் சிபாரிசு பண்றது? ராசிபுரத்து இடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லிடறேன். நீங்க இங்கேயே இருந்து தொட்டி கழுவக் கத்துக்குங்க!"

அர்த்தனாரி, சென்னம்மாளின் கைச்சோறு மலையிறங்கி ஓடுவதைப் பார்ப்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுதுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் குலவை கிளம்பியது. ஒருத்தி தொடங்க, பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். மாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். கண்ணாயி கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"ஏம்மா கண்ணாயி, என் பொழப்பே போச்சுன்னு நிக்கிறேன். குலவையா போடறீங்க?"

"பின்ன என்னங்க சாமி! அறப்பளீஸ்வரர் கோயில் ஆத்து மீனுக்குப் பொரி போட்டு வேண்டிக்கிட்டா நடக்கும்பாங்க. அவ்வளவு தூரம் போக மாட்டாம, நீங்க எங்கள உட்டுட்டு மாத்தலாயிப் போயிரக்கூடாதுன்னு நாங்க அத்தன பேரும் தெனமும் இந்த மீனுக்குத்தானுங்க பொரி போட்டோம்!"