கலாநிதி நிரோஷனின் இரண்டு குரல்கள்

நுணுக்குக்காட்டியை விட்டிறங்கி மைக்கில் தொற்றிக்கொண்ட விஞ்ஞானி என்றோர் இனம் நம் மலைகளில் பெருகி வருகிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். கழுத்தில் கம்பனி அட்டை, பெயருக்கு முன்னால் கலாநிதி, வாயில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’. எந்த ஆய்வு? கேட்கக்கூடாது. கேள்வி கேட்பது அவர்களுடைய பழைய தொழில்.

அக்கரப்பத்தனைக் கலாநிதி நிரோஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஏழு வருடம் வெள்ளை அங்கி மாட்டி, கண்ணாடித் தட்டில் வளர்த்த உடற்கலங்களுக்குத் தேயிலைச் சாறு ஊட்டி, அவை தேறுகின்றனவா சாகின்றனவா என்று கண் பூக்கப் பார்த்து, கடைசியில் ‘குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை’ என்பதை இருநூறு பக்கத்தில் எழுதிப் பட்டம் வாங்கியவர். நேர்மையான வரி. அந்த வரிக்கு யாரும் வேலை தரவில்லை. அந்த வரியைத் தவிர அவரிடமிருந்த மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு தேயிலைக் கம்பனி தந்தது.

இப்போது அவர் சந்தைப்படுத்தல் முகாமையாளர். தேயிலைப் பொதியில் அவர் படம். படத்தில் மறுபடியும் வெள்ளை அங்கி. கீழே, ‘ஒவ்வொரு உடற்கலத்துக்கும் புத்துயிர்.’

புதுப் பொதியின் வெளியீட்டு விழாவை, வீடியோவுக்கு எடுப்பாயிருக்கும் என்று, தான் பிறந்த தோட்டத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே வைத்தார். காலைப் பெரட்டுக்கு வந்த பெண்களைக் கூடையோடு வரிசையாக நிறுத்தியாயிற்று. முன்வரிசையில் அவருடைய அத்தை அம்மாக்கண்ணு, காலில் துணிக்கட்டோடு.

“மருமகனே, ஒன் பேச்சக் கேட்டு மூணு வாரமா சீனி வருத்தத்துக்குக் குடுத்த கிளினிக் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். ஒன் கம்பனித் தேத்தண்ணிதான். புண்ணு ஆறவே மாட்டேங்குது. இன்னும் எத்தன நாள் குடிக்கணும்?”

பின்னாலிருந்து, வேடிக்கை பார்க்க வந்த மூக்கன் கிழவர் குரல் கொடுத்தார்: “பொறந்ததுலேருந்து தேத்தண்ணிதானே குடிக்கிறோம்! நம்ம மூஞ்சியப் பாத்துட்டா தம்பி வெளம்பரம் எழுதுனாரு?”

ஏழு வருட ஆய்வுகூடத்தில் ஒருவரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. பழைய நிரோஷன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்திருப்பார். புதியவர் சிரித்தார். பிறகு, அத்தையின் துணிக்கட்டில் கசிந்திருந்த ஈரத்தைப் பார்த்தார். மைக்கை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு அத்தையின் காதுப்பக்கம் குனிந்தார்.

“அதெல்லாம் வெளம்பரம் அத்தை. இன்னைக்கே மாத்திரையப் போடுங்க. காலோட வெளையாடாதீங்க.”

“அப்ப இவளுகளுக்கு?”

அம்மாக்கண்ணுவைப் பார்த்து மாத்திரையை நிறுத்திய இன்னும் மூன்று பேர் அதே வரிசையில் நின்றார்கள்.

நிரோஷன் நிமிர்ந்தார். மைக் வாய்க்கு வந்தது. “அத்தை அருமையான கேள்வி கேட்டாங்க! விடாம குடிங்க. ஆய்வுகள் சொல்லுது!”

கைதட்டல். அம்மாக்கண்ணு தட்டவில்லை. மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரலுக்கு மைக் எதற்கு?

“அடியே, மாத்திரையப் போடுங்கடி! இவன் எங்காதுல ஒண்ணு சொல்றான், மைக்குல ஒண்ணு சொல்றான்!”

தட்டிய கைகள் நின்றன. நிரோஷன் வீடியோக்காரரிடம் மெல்லச் சொன்னார்: “அந்த இடத்த வெட்டிடுங்க.”

கலாநிதிப் பட்டம் இல்லாததால் நாம் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தக்காரருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை. போன வாரம் நீங்கள் ஒருவருடைய காதருகே குனிந்தீர்களே, அப்போது மைக்கை எங்கே அமுக்கி வைத்திருந்தீர்கள்?